நொச்சியைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோகும் முன்

மூலிகை ஆய்வு செய்யும் முதுகலை மாணவர்களின் புராஜெக்ட் புத்தகங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: “சாரம் 18 மி.மீ. தடைவளையம் தந்தது, ஜென்டாமைசின் 22 மி.மீ. தந்தது, ஆகவே இந்த மூலிகை மருந்துக்கு ஏறக்குறைய இணையானது.” தடைவளையம் என்பது சாரத்தையோ மருந்தையோ சுற்றிப் பாக்டீரியா வளராமல் தெளிந்து நிற்கும் வட்டம். ஜென்டாமைசின் ஓர் ஆன்டிபயாடிக். தட்டில் துளைத்த குழியில் விட்ட சாரம் 5 மில்லிகிராம். ஒப்பிட வைத்த வில்லையில் இருந்த மருந்து 10 மைக்ரோகிராம். ஐநூறு மடங்கு அதிகம் கொடுத்தும் வளையம் சிறியதாகத்தான் வந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்குதான் விழும்.

ஒரு காட்டுச் செடியை எடுத்து அதன் பாக்டீரியா எதிர்ப்புத் திறனையும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனையும் பார்க்கப் புதிதாக இறங்குபவர்களுக்கான செய்முறை இது. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் நொச்சியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தும்பை, குப்பைமேனி, ஆவாரை எதுவானாலும் படிகள் பெரும்பாலும் இவையே.

செடி அதுதானா?

நொச்சியின் அறிவியல் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. பழைய தாவரவியல் நூல்களில் வெர்பனேசி குடும்பத்தில் தேடுங்கள். இப்போது அது லேமியேசி, அதாவது துளசியின் குடும்பம். தேக்கும் அதே வழியில்தான் குடும்பம் மாறியது.

இளங்கொம்பைத் தடவினால் நாற்கோணமாகத் தெரியும். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள், சில நேரம் மூன்று. சங்கப் புலவர் மயிலின் காலடிக்கு ஒப்பிட்டது சும்மா இல்லை, விரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெளுத்த சாம்பல். நடுச் சிற்றிலைக்குத் தனிக் காம்பு உண்டு. கடலோரப் பகுதிகளில் வளரும் நீர்நொச்சிக்குச் சிற்றிலைகள் மூன்று அல்லது ஒன்று, காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

எல்லைப் பகுதியில் பெயர் ஒரு தொல்லை. நம் பக்கத்து வைத்தியர்கள் கருநொச்சி என்றால் இலையின் அடிப்புறத்தில் ஊதா ஓடிய வகையைச் சொல்வார்கள். மலை தாண்டிப் போய் மலையாளத்தில் கரிநொச்சி கேட்டால் நம்முடைய சாதா நொச்சியையே பறித்துக் கொடுப்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் செங்கோட்டை. ஆகவே ஊருக்குள்ளேயே இரண்டு வழக்கும் கலந்து கிடக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் பொடியாக வாங்கிய எதையும் ஆய்வுக்கு எடுக்காதீர்கள். பொடியில் இலை வடிவம் ஏது?

அடையாளத்தை உறுதிசெய்ய உலர்மாதிரி வேண்டும். பூவோ காயோ உள்ள கொம்பை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்துங்கள். ஓரிரு இலைகளைத் திருப்பி வைத்தால் அடிப்புறமும் தெரியும். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இலை கறுக்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததும் 42 × 28 செ.மீ. அட்டையில் ஒட்டி, இடம், தேதி, உயரம், பூவின் நிறம், பறித்தவர் பெயர் எழுதி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ திருச்சி ராபினட் ஹெர்பேரியத்துக்கோ (உலர்தாவரக் காப்பகம்) கொண்டுபோய் உறுதிச் சான்றும் வவுச்சர் எண்ணும் (மாதிரியின் பதிவு எண்) வாங்கலாம். இந்த எண் இல்லாமல் வரும் கட்டுரையைப் பல இதழ்கள் படிக்காமலே திருப்பிவிடும். பறிக்கும் அன்றே மாதிரி எடுங்கள். ஆய்வெல்லாம் முடிந்த பிறகு வேறு செடியிலிருந்து மாதிரி எடுத்து ஒட்டுவது வழக்கமாகவே இருக்கிறது. அது ஏமாற்று.

எங்கே, எப்போது பறிப்பது

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது. நொச்சிக்கு அந்தத் தேவையும் இல்லை. ஓடைக்கரை, குளத்துக்கரை, தோட்ட வேலி என்று வெளியிலேயே கிடைக்கிறது. வேலிதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். பக்கத்து வாழைத் தோட்டத்திலோ வயலிலோ மருந்து அடித்தால் வேலி இலையிலும் படியும். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் மழைக்கு முன் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். செம்பு பாக்டீரியாவையும் கொல்லும். அந்த இலையில் வரும் தடைவளையம் நொச்சியுடையதா செம்புடையதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. சாலையோரத்து இலையையும் தவிர்த்துவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சாரல் பருவம் குற்றாலத்துக்கு நல்லது, இலை காயவைக்க ஆகாது. கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் நிழலில் போட்ட இலை ஒரு வாரமானாலும் துவண்டே கிடக்கும். ஐந்தாம் நாள் காம்போரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரியும். அந்தப் பூஞ்சை தானே நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கக்கூடியது. சில மூலிகை ஆய்வுகளில் வளையம் வருவது இலையால் அல்ல, இலைமேல் வளர்ந்த பூஞ்சையால். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். கடைசி செமஸ்டர் புராஜெக்டும் அப்போதுதான் தொடங்கும்.

முற்றிய, பூச்சி அரிக்காத இலைகளைக் காலை பனி உலர்ந்த பின் பறியுங்கள். ஒரே புதரை மொட்டையடிக்காமல் ஐந்தாறு புதர்களிலிருந்து கலந்து எடுங்கள். ஒரு கிலோ பச்சை இலை காய்ந்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் வரும். எல்லாச் சோதனைக்கும் அது தாராளம்.

உலர்த்துதலும் பொடித்தலும்

இலையைக் குழாய் நீரில் இரண்டு முறை, வாலை வடிநீரில் ஒரு முறை அலசி, நீர் வடிந்ததும் நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறக்கும், ஃபீனால்கள் சிதையும். தினமும் ஒரு முறை புரட்டிப் போடுங்கள். ஏழு முதல் பத்து நாள் ஆகும். கையில் நொறுங்குகிறதே என்று நிறுத்தாமல் எடை போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்தது. அவசரமென்றால் காற்றோட்ட அடுப்பில் 40 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் வேண்டாம்.

மிக்ஸியில் அரைக்கும்போது பத்து நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடேறும். 40 மெஷ் சல்லடையில் சலித்து, காற்றுப்புகாத பழுப்புப் புட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள். ஜாடியில் முந்தைய நாள் யாராவது மிளகு அரைத்திருக்கலாம். மிளகுக்கும் பாக்டீரியா எதிர்ப்பு உண்டு. ஆய்வுக்கென்று தனி ஜாடி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கரைப்பான்? இதை முதலில் யோசியுங்கள்

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் மெத்தனால் எடுப்பார்கள். ஊரில் நொச்சியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சளிக்கு வேது பிடிப்பது, தலைபாரத்துக்கு இலையைத் தலையணையில் அடைப்பது, உடல்வலிக்கு இலை போட்டுக் கொதித்த நீரில் குளிப்பது, தானியக் குதிரில் காய்ந்த இலை போடுவது. இதில் வேதிலும் தலையணையிலும் குதிரிலும் வேலை செய்வது ஆவியாகும் எண்ணெய். குளியல் நீரில் இருப்பது நீரில் கரைவது. மெத்தனாலில் ஊறவைத்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் வெற்றிடம் போட்டு வற்றவைத்தால் அந்த எண்ணெயில் பெரும்பங்கு போய்விடும். மெத்தனால் சாரத்தைச் சோதித்துவிட்டு “நாட்டு வழக்கு மெய்ப்பிக்கப்பட்டது” என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

கேள்வியைப் பொறுத்துக் கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள். நொச்சியில் உள்ள அக்னுசைடு, நெகுண்டோசைடு போன்ற இரிடாய்டு கிளைகோசைடுகள் நீரிலும் ஆல்கஹாலிலும் இறங்கும். காஸ்டிசின் என்ற ஃபிளாவனாய்டு ஈத்தைல் அசிட்டேட்டில் நன்றாக இறங்கும். சாபினீன், கேரியோஃபிலீன் போன்றவை எண்ணெயில் இருப்பவை. அதைப் பிடிக்க கிளெவெஞ்சர் கருவி வேண்டும்: 200 கிராம் பச்சை இலை, ஒரு லிட்டர் நீர், மூன்று மணி நேரக் கொதி. கிடைப்பது சில துளிதான். ஏமாற்றம் அடைய வேண்டாம்.

தொடக்க ஆய்வுக்கு வரிசைப் பிரிப்பு நல்லது: முதலில் ஹெக்சேன், அடுத்து ஈத்தைல் அசிட்டேட், கடைசியில் மெத்தனால். ஹெக்சேன் மெழுகையும் பச்சையத்தின் ஒரு பங்கையும் இழுத்துக்கொள்ளும். பின்னால் வரும் நிறத் தொல்லை குறையும்.

50 கிராம் பொடிக்கு 500 மி.லி. கரைப்பான். மூடியிட்ட கூம்புக் குடுவையில், ஷேக்கரில் 120 சுற்று வேகத்தில், அறை வெப்பத்தில் 72 மணி நேரம். மஸ்லின் துணியில் பிழிந்து, வாட்மன் ஒன்றாம் எண் வடிதாளில் வடிகட்டி, அதே பொடியில் புதுக் கரைப்பான் ஊற்றி இன்னொரு முறை. அடுத்த கரைப்பானுக்குப் போகுமுன் சக்கையைத் தட்டில் பரப்பி முழுக்கக் காயவிடுங்கள். ஹெக்சேன் மிச்சம் இருந்தால் அடுத்த சாரத்தில் அது கலந்துவிடும். சாக்ஸ்லெட் கருவி வேகமானது. ஆனால் அதில் பல மணி நேரம் சூடு ஏறி இறங்குவதால் நொச்சிக்கு ஊறவைப்பதே மேல்.

ஹெக்சேனும் மெத்தனாலும் தீப்பிடிப்பவை. பன்சன் விளக்கு எரியும் மேசையில் திறக்காதீர்கள். மெத்தனால் உள்ளே போனால் கண்பார்வையைப் பறிக்கும். வாயால் பைப்பெட் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில கல்லூரிகளில் இருக்கிறது, அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

40 டிகிரியில் வற்றவைத்து, முன்பே எடை போட்ட புட்டிக்கு மாற்றி, எடை நிலைக்கும் வரை உலரவிடுங்கள். 50 கிராம் பொடியில் 4.6 கிராம் சாரம் என்றால் விளைச்சல் 9.2 சதவீதம். இந்த எண் பின்னால் ஒரு கணக்குக்கு வேண்டும், நோட்டில் எழுதி வையுங்கள். சாரத்தில் மெத்தனால் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. அந்த மெத்தனாலே பாக்டீரியாவைத் தடுக்கும்.

நீர்ச் சாரம் தனிக் கதை. அறை வெப்பத்தில் மூன்று நாள் ஊறவைத்தால் புளித்துவிடும். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் 24 மணி நேரம், பிறகு உறைநிலை உலர்த்தி. அந்தக் கருவி இல்லாத கல்லூரி என்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குளியலில் மணிக்கணக்கில் வற்றவைத்தால் கிடைப்பது கஷாயத்தின் அடிப்பிடிப்புதான்.

வேதிப் பொருள் முன்சோதனை

இதற்கு ஒரு பிற்பகல் போதும். 5 சதவீத ஃபெர்ரிக் குளோரைடு இரண்டு துளி விட்டால் கரும்பச்சை அல்லது கருநீலம் வருவது ஃபீனால், டானின். குலுக்கினால் நுரை பதினைந்து நிமிடம் நிற்பது சப்போனின். மேயர் கரைசலில் வெண்கலங்கல் ஆல்கலாய்டு. மெக்னீசியத் துண்டும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போட்டுச் சிவப்பு வந்தால் ஃபிளாவனாய்டு. பச்சையம் மிகுந்த சாரத்தில் இந்தச் சிவப்பு தெரியவே தெரியாது, பலர் ‘இல்லை’ என்று போடுவது அதனால்தான். இவையெல்லாம் உண்டா இல்லையா என்று மட்டுமே காட்டும். மூன்று பிளஸ், இரண்டு பிளஸ் என்று அளவு போட்டு அட்டவணை நிரப்புவதில் பொருளில்லை.

தடைவளையம்: குழிமுறை

பாக்டீரியாவை அறிந்த சேகரிப்பிலிருந்து வாங்குங்கள். சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் இரண்டும் கல்லூரிகளுக்குக் கொடுக்கின்றன. கிராம் பாசிட்டிவ் ஒன்று, கிராம் நெகட்டிவ் ஒன்றாவது வேண்டும்: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, ஈ.கோலை ஏடிசிசி 25922 ஆகியவற்றுக்கு இணையானவை (ஏடிசிசி ஓர் அமெரிக்கச் சேகரிப்பு). இவை நோய் தரக்கூடியவை. உயிர்ப்பாதுகாப்புப் பெட்டியும் கையுறையும் இல்லாத அறையில் தொடாதீர்கள்.

முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) லிட்டருக்கு 38 கிராம். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஊற்றினால் சரியாக 4 மி.மீ. தடிமன் வரும். மிச்சப்படுத்துகிறோம் என்று 15 மி.லி. ஊற்றினால் வளையம் பொய்யாகப் பெரிதாகும். தடிமன் கூடினால் சுருங்கும். மேசை சாய்ந்திருந்தால் வளையம் முட்டை வடிவில் வரும்.

பாக்டீரியாவின் அளவைக் கலங்கலால் சரிசெய்வது வழக்கம். 1 சதவீத சல்ஃபியூரிக் அமிலம் 9.95 மி.லி., 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மி.லி. கலந்தால் 0.5 மெக்ஃபார்லாண்ட் தரம். அதற்கு நிகரான கலங்கலில் மி.லி.க்கு ஏறத்தாழ 1.5 × 10⁸ பாக்டீரியா இருக்கும். நிறமானியில் 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை. கண்ணால் பார்த்துப் போட்டால் ஒருநாள் அடர்த்தி, ஒருநாள் நீர்த்து, வளையம் தினமும் மாறும். சரிசெய்த கலங்கலைப் பதினைந்து நிமிடத்துக்குள் தட்டில் தடவுங்கள். பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில், ஒவ்வொரு முறையும் தட்டை 60 டிகிரி திருப்பி.

6 மி.மீ. துளைப்பானால் குழி. 4 மி.மீ. ஆழத்தில் அந்தக் குழி கொள்வது 113 மைக்ரோலிட்டர். ஆகவே 50 விடுவது பாதுகாப்பு, 100 விட்டால் விளிம்பில் நிற்கும். துளையிட்ட அகார்த் துண்டை எடுக்கும்போது சுற்றியுள்ள அகார் அடித்தட்டிலிருந்து தூக்கிக்கொண்டால் சாரம் அடியில் கசிந்து பரவும், ஒழுங்கற்ற பெரிய வளையம் வரும். குழியின் அடியில் உருகிய அகார் ஒரு துளி விட்டு மூடினால் தீரும். குழிகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 24 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஒரு தட்டில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

சாரம் 100 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓவில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) கரைத்து மூலக் கரைசல். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும். குளிர்பெட்டியில் கட்டியாகிக் கிடப்பதைப் பார்த்துச் சாரம் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், வெளியில் வைத்தால் உருகும். அதை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுவதானால் செல்லுலோஸ் சவ்வு வேண்டாம், டிஎம்எஸ்ஓ அதைக் கரைத்துவிடும். பிடிஎஃப்இ சவ்வு வாங்குங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழி ஒன்று, ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் வில்லை ஒன்று. டிஎம்எஸ்ஓ குழியைச் சுற்றி வளையம் வந்தால் அந்தத் தட்டின் எண்கள் எதுவும் செல்லாது. ஜென்டாமைசின் ஈ.கோலை 25922-ல் 19 முதல் 26 மி.மீ., ஆரியஸ் 25923-ல் 19 முதல் 27 மி.மீ. தர வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே போனால் கோளாறு அகாரிலோ கலங்கலிலோ பழைய வில்லையிலோ இருக்கிறது. சாரத்தின் எண்ணை எழுதாமல் தட்டைத் திரும்பப் போடுங்கள்.

சாரம் விட்டபின் அறை வெப்பத்தில் அரை மணி நேரம் ஊடுருவ விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் 16 முதல் 18 மணி நேரம். டிஎம்எஸ்ஓ விட்ட தட்டைக் கவிழ்க்காதீர்கள், குழியிலிருந்து வழியும். குழியின் 6 மி.மீ.யையும் சேர்த்து வளைய விட்டத்தை அளப்பது வழக்கம். சேர்த்தீர்களா இல்லையா என்று எழுதுங்கள்.

கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதல், உள்ளே வந்ததை வெளித்தள்ளும் பம்புகளும் உண்டு. ஆரியஸில் வளையம் வந்து ஈ.கோலையில் வராவிட்டால் அது தோல்வி அல்ல, பெரும்பாலான செடிகளில் அப்படித்தான்.

ஹெக்சேன் சாரத்தையும் எண்ணெயையும் குழிமுறையில் மெத்தனால் சாரத்தோடு ஒப்பிடாதீர்கள். எண்ணெய்ப்பசை உள்ள பொருள் நீர் நிறைந்த அகாரில் நகராது. வளையம் சிறுத்தது திறன் குறைவினால் அல்ல, நகர முடியாததால். ஒப்பிட வேண்டுமானால் அடுத்து வரும் எம்ஐசி பாருங்கள்.

எம்ஐசி: உண்மையான எண்

எம்ஐசி என்பது பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அடர்த்தி. ஒரு மாத புராஜெக்டில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் குழிமுறையை விட்டு இதைச் செய்யுங்கள்.

96 குழித் தட்டில்:

1. மூலக் கரைசல் 20 மைக்ரோலிட்டரை 980 மைக்ரோலிட்டர் முல்லர்-ஹின்டன் பிராத்தில் (அகார் சேராத திரவ ஊடகம்) கலக்குங்கள். மி.லி.க்கு 2 மி.கி. ஆகும்.
2. முதல் குழியில் இதில் 200 மைக்ரோலிட்டர். 2 முதல் 10 வரை குழிகளில் வெறும் பிராத் 100 மைக்ரோலிட்டர்.
3. முதல் குழியிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில் விட்டு, ஏழெட்டு முறை உறிஞ்சி விட்டுக் கலக்கி, அங்கிருந்து 100 மூன்றாவதுக்கு. பத்தாவதில் எடுத்த 100-ஐக் கொட்டிவிடுங்கள்.
4. மெக்ஃபார்லாண்ட் கலங்கலைப் பிராத்தில் 150 மடங்கு நீர்த்து, 1 முதல் 11 வரை குழிகளில் 100 மைக்ரோலிட்டர். குழியில் மி.லி.க்கு 5 × 10⁵ பாக்டீரியா இருக்கும்.
5. பதினொன்றில் சாரம் கிடையாது: 2 சதவீத டிஎம்எஸ்ஓ கலந்த பிராத் 100 மைக்ரோலிட்டரும் பாக்டீரியாவும் மட்டும். பன்னிரண்டில் வெறும் பிராத் மட்டும்.

முதல் குழியின் இறுதி அடர்த்தி மி.லி.க்கு 1000 மைக்ரோகிராம், பத்தாவதில் 1.95. டிஎம்எஸ்ஓ ஒரு சதவீதத்தைத் தாண்டாது. 37 டிகிரியில் 18 மணி நேரம்.

பச்சைச் சாரத்தில் கலங்கல் தெரியாது என்பதால் 0.015 சதவீத ரெசாசூரின் என்ற நீலச் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு இரண்டு மணி நேரம் வைப்பார்கள். பாக்டீரியா உயிரோடிருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். நீலமாகவே நிற்கும் கடைசிக் குழி எம்ஐசி. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ரெசாசூரினின் நிறம் மாறுவது ஒடுக்க வினையால். ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் மிகுந்த சாரம் பாக்டீரியா இல்லாமலே அந்த வேலையைச் செய்துவிடும். தட்டில் இன்னொரு வரிசையில் சாரமும் பிராத்தும் மட்டும், பாக்டீரியா இல்லாமல் போடுங்கள். அந்த வரிசையும் சிவந்தால் நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்துப் புது அகாரில் பரப்பி மறுநாள் எண்ணுங்கள். தொடக்க எண்ணிக்கையில் 99.9 சதவீதம் செத்திருக்கும் குறைந்த அடர்த்தி எம்பிசி. ஒரே வேலையில் அதுவும் கிடைத்துவிடும்.

எண்ணெயைச் சோதிப்பதானால் எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் ட்வீன் 80 பிராத்தில் 0.5 சதவீதம் சேர்க்க வேண்டும், தட்டை ஒட்டும் படலத்தால் மூட வேண்டும். மூடாவிட்டால் நொச்சி ஆவி பக்கத்துக் குழிக்கும் போய் அங்கேயும் வேலை செய்யும்.

முழுச் சாரத்துக்கு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே எம்ஐசி வந்தால் மேலே தொடரலாம். 1000-க்கு மேல் என்றால் ‘திறன் குறைவு’ என்றே எழுதுங்கள். ‘வியக்கத்தக்க’ என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

டிபிபிஎச்: ஊதா மங்கும் கணக்கு

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்கு எளிய சோதனை இது. டிபிபிஎச் ஊதா நிறப் பொருள், ஆக்சிஜனேற்ற எதிர்ப்புள்ள சாரம் அந்த ஊதாவை மங்கவைக்கும். டிபிபிஎச் 3.94 மி.கி.யை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குக் கலக்கி, குடுவையில் அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். இந்தக் கரைசல் 3 மி.லி.யோடு சாரக் கரைசல் 1 மி.லி. கலந்து, இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நானோமீட்டரில் அளக்க வேண்டும். சாரத்துக்குப் பதில் மெத்தனால் விட்ட கட்டுப்பாட்டுக் குழாய் 0.9-ஐ ஒட்டி நிற்கும். 0.5 என்று வந்தால் டிபிபிஎச் பழையது அல்லது எடை பிழை.

கட்டுப்பாட்டு அளவில் சாரத்தின் அளவைக் கழித்து, கட்டுப்பாட்டால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம். வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று.

பச்சையம் 517-லும் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு அடர்த்திக்கும் சாரம் 1 மி.லி., மெத்தனால் 3 மி.லி. கலந்த வெற்றுக் குழாய் அளந்து கழியுங்கள். கழிக்காவிட்டால் அதிக அடர்த்தியில் திறன் குறைவதுபோல் வளைகோடு கீழே மடங்கும்.

இரண்டாவது, அடர்த்தி. நீங்கள் விட்டது மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் கரைசல். ஆனால் குழாயில் 4 மி.லி.யில் அது 25. ஐசி50-ஐ (ஊதாவை 50 சதவீதம் மங்கவைக்கும் சார அளவு) எந்த அடர்த்தியில் சொல்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் எண் பக்கத்து மேசைக்காரரின் எண்ணிலிருந்து நான்கு மடங்கு விலகும், இருவரும் சரியாகச் செய்திருந்தாலும்.

மூன்றாவது, 50 சதவீதத்துக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள் இருக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் 80-க்கு மேலே இருக்கும்போது கோட்டைப் பின்னால் நீட்டி ஐசி50 படிக்கக் கூடாது. இன்னும் நீர்த்த அடர்த்திகளை ஓட்டுங்கள். 10, 25, 50, 100, 200 என்று தொடங்கி, பார்த்துக்கொண்டே மாற்றலாம்.

அஸ்கார்பிக் அமிலத்தை அதே நாள், அதே டிபிபிஎச் கரைசலில் ஓட்டுங்கள். வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். நீர்ச் சாரத்தை நீரிலேயே கரைத்து விட்டால் டிபிபிஎச் கலங்கும். 50 சதவீத மெத்தனாலில் கரைத்து விடுவது நல்லது.

மொத்த ஃபீனால்

சாரம் 0.5 மி.லி., பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் கரைசல் (ஃபீனால் பட்டால் நீலமாகும் வினைப்பொருள்) 2.5 மி.லி., ஐந்து நிமிடம் கழித்து 7.5 சதவீத சோடியம் கார்பனேட் 2 மி.லி., 30 நிமிடம், 765 நானோமீட்டர். வரிசையை மாற்றி கார்பனேட்டை முதலில் விட்டால், காரத்தில் ஃபோலின் தானே சிதையும், நிறம் வெளிறும். கேலிக் அமிலத்தால் நேர்கோடு வரைந்து படிக்க வேண்டும்.

மி.லி.க்கு 1 மி.கி. சாரக் கரைசல் 60 மைக்ரோகிராம் கேலிக் அமிலத்துக்கு நிகராகக் காட்டினால், ஒரு கிராம் சாரத்தில் 60 மி.கி. ஒரு கிராம் இலைப்பொடியில் எவ்வளவு என்று கேட்டால் 9.2 சதவீத விளைச்சலால் பெருக்கி 5.52 மி.கி. இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஒரு சாரத்தை இன்னொருவரின் இலையோடு ஒப்பிடும் அட்டவணைகள் நிறைய உண்டு. ஃபோலின் ஃபீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரை எல்லாவற்றுக்கும் நீலம் காட்டும். நீர்ச் சாரத்தில் எண் உயர்ந்தால் முதலில் சர்க்கரையைச் சந்தேகியுங்கள்.

மூன்று முறை என்றால் எது?

ஒரே கரைசலை மூன்று குழியில் விடுவது பைப்பெட் பிடித்த கையின் சீர்மையைத்தான் காட்டும். தனித்தனியாகப் பிரித்தெடுத்த மூன்று சாரங்கள், தனி நாளில் வளர்த்த பாக்டீரியாவோடு: அதுதான் மூன்று முறை. சராசரியும் திட்ட விலகலும் அதிலிருந்து வர வேண்டும். 18.33 ± 0.00 என்று ஓர் அட்டவணை கண்டால் அங்கே யாரும் மூன்று முறை செய்யவில்லை.

வேலை முடிந்ததும்

அளந்து முடித்த தட்டுகளைத் திறக்காமல் ஆட்டோகிளேவ் பையில் கட்டி 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே குப்பைக்கு. பைப்பெட் முனைகள் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஊற வேண்டும். ஹெக்சேன், ஈத்தைல் அசிட்டேட், மெத்தனால் மிச்சங்களைத் தொட்டியில் ஊற்றாமல் தனித்தனிக் கேனில் சேருங்கள். ரோட்டரியில் மீண்ட கரைப்பானை அடுத்த முறை முதல் ஊறலுக்குப் பயன்படுத்தலாம், கடைசி ஊறலுக்குப் புதியது.

மீந்த சாரம் பழுப்புப் புட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இருக்கட்டும். புட்டியில் செடிப்பெயர், பாகம், கரைப்பான், தேதி, வவுச்சர் எண். மார்க்கர் பேனாவால் எழுதினால் மெத்தனால் ஒரு சொட்டு பட்டாலே அழியும். பென்சிலால் தாளில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டுங்கள்.